ஷாக் புதுசு, ரப்பர் பழசு

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல ஷாக் அப்சார்பர் நான்கை வாங்கிப் போட்டுவிட்டு, "முன்னைவிடத் தூக்கித் தூக்கிப் போடுகிறதே" என்று தலையில் கை வைப்பவர்கள் நிறைய. பழி உடனே ஷாக்கின் மேல் விழும். முரட்டு வகையை வாங்கிவிட்டோம், ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும் என்று பேச்சு போகும். கழற்றிப் பார்த்தால் குற்றவாளி பல நேரங்களில் வேறு ஆள்தான். பொடிந்துபோன பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது தாங்கும் மெத்தை), வரிசை மாறிப்போன வாஷர், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்ட புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட். மூன்றுமே ஷாக்கின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். மூன்றுமே பெட்டிக்குள் வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

வேலையைச் சொல்வதற்கு முன், ஷாக் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் அமுங்கும்போது அது சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உடனே திருப்பித் தரும். தடுக்க ஆளில்லாவிட்டால் கார் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக்கின் பிஸ்டன், எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகவும் மெல்லிய தகட்டு வால்வுகள் வழியாகவும் நெருக்கித் தள்ளி, அந்தச் சக்தியை வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. சாலையில் ஓடும் கார்களின் ஷாக்குகளில், அமுங்கும்போது இருக்கும் எதிர்ப்பைவிட நீளும்போது இருக்கும் எதிர்ப்பு பொதுவாக இரண்டு மூன்று மடங்கு கூடுதல். ஆகவே தேய்ந்த ஷாக்கின் குணம், மேட்டில் ஏறும்போது தெரிவதைவிட மேட்டைத் தாண்டிய பிறகுதான் நன்றாகத் தெரியும். கார் ஒருமுறை எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பப் பார்க்கும்.

பானெட்டின் மூலையைக் கையால் அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை அதிகம் நம்ப வேண்டாம். முழுதாகச் செத்த ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். குறைந்த வேகத்தில் கை கொடுக்கும் அசைவும், வளைவின் நடுவில் சக்கரம் ஒரு சிறு பிளவைத் தாண்டும் அசைவும் ஒன்றல்ல. அதைவிட நம்பகமான அடையாளங்கள் உண்டு. டயரின் மேற்பரப்பில் கையை ஓட்டினால் இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருப்பது. வளைவில் சின்ன அலை வந்தாலே பின்பக்கம் அரை அடி நழுவுவது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து ஓட்டியபின் முதல் பத்து நிமிடத்தில் இருந்த பிடிப்பு காணாமல் போவது. இந்தக் கடைசி அடையாளம், உள்ளே எண்ணெயோடு காற்று கலந்து நுரைக்கிறது என்பதைச் சொல்கிறது.

எண்ணெய்க் கசிவிலும் நிதானம் வேண்டும். பிஸ்டன் தண்டின் சீலுக்கு (எண்ணெய்த் தடுப்பு வளையத்துக்கு) அருகே மெல்லிய ஈரப் படலமும் அதில் தூசி ஒட்டியிருப்பதும் இயல்பு. சீல் மசகோடுதான் வேலை செய்யும். உடம்பு நெடுகிலும் வழிந்து கீழ்க் கண் (அடியில் போல்ட் நுழையும் வளையம்) வரை நனைந்திருந்தால் கதை முடிந்தது. கசிவே இல்லாத ஷாக்கும் தேய்ந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. வால்வுத் தகடுகள் களைத்துப்போவதும் பிஸ்டன் வளையம் தேய்வதும் வெளியே தெரியாது.

எதை வாங்குவது?

இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரண்டு வகை. இரட்டைக் குழாயில் உள்ளே ஒரு சிலிண்டர், அதைச் சுற்றி எண்ணெய்க் கிடங்கு. வாயு இருந்தால் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். ஒற்றைக் குழாயில் எண்ணெயையும் நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருக்கும். அழுத்தம் 20 பாருக்கு மேலேயே போகும். பில்ஸ்டைன் நிறுவனம் இந்த வகையை 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குத் தொழிற்சாலைப் பொருத்தமாகக் கொண்டுவந்தது. நுரைப்பதில்லை, சூடு சீக்கிரம் வெளியேறும், தலைகீழாகவும் பொருத்தலாம். பதிலுக்கு, உடம்பில் ஒரு கல் பட்டு நசுங்கினாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய்க்கு அந்த அடி பெரிதல்ல.

ஒற்றைக் குழாய் போட்டதும் கார் சற்று உயர்ந்து நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கணக்கு எளிது. 14 மி.மீ. தண்டின் வெட்டுப் பரப்பு ஏறக்குறைய 1.54 சதுர செ.மீ. அதன்மேல் 20 பார் அழுத்தம் என்றால், ஒவ்வொரு ஷாக்கும் ஏறக்குறைய 31 கிலோ விசையோடு தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. எடை குறைந்த சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் அது சில மில்லிமீட்டராகக் கண்ணில் படும்.

ஸ்பிரிங் தொழிற்சாலையில் வந்ததே என்றால், அதற்கேற்ற ஷாக்கை எடுங்கள். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருந்தால் ஷாக்கின் நீளும் பக்க எதிர்ப்பு கூடுதலாக இருக்க வேண்டும். மென்மையான ஷாக்கோடு விறைப்பான ஸ்பிரிங் சேர்வதைப் போல மோசமான கூட்டணி வேறில்லை. கோனி ஸ்போர்ட் போன்ற, நீளும் எதிர்ப்பை மட்டும் திருகி மாற்றக்கூடியவை பழைய கார்களுக்கு நல்ல தேர்வு என்பது என் கணிப்பு. ரப்பர்களும் ஸ்பிரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதற்கேற்பக் கொஞ்சம் நகர இடம் கிடைக்கிறது. அசல் ஷாக் தயாரிப்பிலேயே இல்லாத மாடல் என்றால் பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பில்ஸ்டைன், கோனி ஷாக்குகளில் பலவற்றைப் பிரித்துச் சீல், வால்வு, எண்ணெய் மாற்றி மறுபடி கட்டிவிட முடியும்.

ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இதில் விவாதமே கிடையாது.

கூடவே வாங்க வேண்டியவை: நான்கு பம்ப் ஸ்டாப், நான்கு தூசி உறை, ஷாக்கை மேலே பாடியோடு பிடிக்கும் டாப் மவுண்டின் ரப்பர்கள் (பழசானால் மவுண்டே முழுதாக), ஸ்பிரிங்கின் மேலும் கீழும் வரும் ரப்பர் இருக்கைகள், எல்லாத் தண்டுகளுக்கும் புது நைலாக் நட்டு (நைலான் வளையத்தால் தானே இளகாத நட்டு), கீழ் போல்ட்டுகள் நான்கு. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்குகள் (அதை ஆர்மோடு இணைக்கும் சிறு தண்டுகள்) ஆடினால் அவையும். வேலைக்கு நடுவில் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சாமான்களில் ஒன்று இல்லாததால்தான்.

கழற்றுவதற்கு முன்பே தொடங்கும் வேலை

உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1989-இல் வந்து 1997 வரை ஓடிய, மியாட்டா என்றும் அழைக்கப்படும் கார். நான்கு மூலையிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு ஆர்ம்கள் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கைகள்). ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே கட்டு. மேலே இரண்டு நட்டு, கீழே ஒரு போல்ட். பார்ப்பதற்கு அரைநாள் வேலை. துருப்பிடித்த ஒரு போல்ட் அதை இரண்டு நாளாக்கிவிடும்.

ஆகவே மூன்று நான்கு நாள் முன்னதாகவே கீழ் போல்ட், லிங்க் நட்டு, ஆர்மின் நீண்ட போல்ட் மூன்றிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தினம் ஒருமுறை அடித்து வையுங்கள். கார் சமதளத்தில் தன் சக்கரங்களில் நிற்கும்போது, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்கள் இல்லாமல் கடைசிக் கட்டத்தைச் சரியாக முடிக்க முடியாது. அதே நிலையில், ஷாக் தண்டின் உச்சி நட்டைக் கால் சுற்று மட்டும் இளக்கிவிடலாம். அதற்கு மேல் ஒரு இழையும் வேண்டாம். ஸ்பிரிங்கின் முழு விசையும் அந்த ஒரு நட்டில்தான் தொங்குகிறது.

பிறகு சக்கரத்துக்குக் கட்டை போட்டு, காரைத் தூக்கி, பாடியின் குறித்த இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை விடுவிக்க வேண்டும். ஜாக்கியின் மேல் நிற்கும் காருக்கடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. ஒரு அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்துத் தூக்குவது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மை மேலே இழுக்கும். போல்ட் துளைகள் நேருக்கு நேர் வராமல் படுத்தும். லிங்கைக் கழற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டையும் அவற்றின் பிடிப்பிலிருந்து விடுவித்துத் தளர்த்திக் கொள்ளுங்கள். ஷாக்கை எடுத்தபின் ஆர்ம் கூடுதலாகக் கீழே விழும், ஏனென்றால் பல கார்களில் அது எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதற்கு எல்லையே ஷாக்தான். அந்த எடை ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. கீழ் போல்ட்டை உருவும் நேரத்தில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி இருக்கட்டும்.

இப்போது அந்தக் கீழ் போல்ட். ஷாக்கின் கீழ்க் கண்ணில் ரப்பர் புஷ், அதற்குள் ஒரு இரும்புக் குழல், அதற்குள் போல்ட். முப்பது வருட ஈரத்தில் போல்ட்டும் குழலும் ஒட்டிக்கொள்ளும். நட்டு கழன்றுவிடும், போல்ட் தலை திரும்பும், ஆனால் வெளியே வராது. நன்றாகக் கவனித்தால், திரும்புவது போல்ட் மட்டுமல்ல, குழலும் சேர்ந்து ரப்பரைப் பிழிந்துகொண்டு திரும்பும். கையை எடுத்தால் ரப்பர் அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும். இந்த அடையாளம் தெரிந்த பிறகு சுத்தியலால் அடிப்பது வீண். இழைப் பக்கம் நட்டைப் பாதி திருகி விட்டுச் சில அடி அடித்துப் பார்க்கலாம், இழை தப்பும். நகரவில்லையென்றால், ஷாக் எப்படியும் குப்பைக்குத்தான். புஷ்ஷின் இரு பக்கமும் ரம்பம் விட்டு போல்ட்டையே அறுத்துவிடுங்கள். இதற்காகத்தான் புது போல்ட். தீயை வைத்துச் சூடாக்கும் பழக்கம் இருப்பவர்கள் இங்கே அதை மறந்துவிடுவது நல்லது. பக்கத்திலேயே அழுத்த வாயு அடைத்த குழாய் இருக்கிறது.

முன்பக்கக் கட்டை வெளியே எடுக்க ஆர்ம்களுக்கு நடுவில் இடம் போதாது. மேல் ஆர்மின் நீண்ட போல்ட்டை உருவி ஆர்மை ஒதுக்குவது ஒரு வழி. கீழ் பால் ஜாயிண்ட்டை (குண்டு மூட்டை) ஆர்மிலிருந்து விடுவித்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைச் சாய்ப்பது இன்னொரு வழி. கீழ் ஆர்மின் உள்பக்கம் இருக்கும், கோண அளவுக் கோடு போட்ட போல்ட்டுகளை மட்டும் தொடாதீர்கள். சக்கரத்தின் காம்பரையும் (மேலிருந்து கீழாகச் சாயும் கோணம்) டோவையும் (உள்ளோ வெளியோ திரும்பும் கோணம்) வைத்திருப்பவை அவை. பின்பக்கத்தின் மேல் நட்டுகள் டிக்கிக்குள் லைனிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஸ்பிரிங்கோடு விளையாட்டு வேண்டாம்

கட்டு வெளியே வந்ததும் முதல் வேலை, படம் எடுப்பது. அடுத்தது, டாப் மவுண்டின் இரு ஸ்டட்டுகளும் கீழ்க் கண்ணும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பெயிண்ட் கோடு போடுவது. இந்தக் கோணம் தவறிக் கட்டிவிட்டால் காருக்குள் ஏற்றும்போது கீழ்க் கண் குறுக்கே நிற்கும். அப்போது தண்டைக் கையால் திருப்பிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், ஸ்பிரிங் இறுக்கத்தில் அது அசையாது.

ஸ்பிரிங் அமுக்கியை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்குங்கள். இழைக்கு முன்பே கிரீஸ் தடவியிருக்க வேண்டும். இம்பாக்ட் கன் இங்கே கூடவே கூடாது. இழை சூடேறிப் பிய்ந்தால் அமுக்கி கழன்று பறக்கும். ஸ்பிரிங் தன் இருக்கையில் கொஞ்சம் லொடலொடத்தால் போதும், அதற்கு மேல் அமுக்குவது வீண் ஆபத்து. முகமோ நெஞ்சோ அதன் அச்சுக் கோட்டில் இருக்கக் கூடாது.

உச்சி நட்டைக் கழற்றும்போது தண்டு சேர்ந்து சுற்றும். தண்டின் முனையில் ஆலன் கீ அல்லது சப்பைப் பிடிப்பு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். பழைய ஷாக்கில் இம்பாக்ட் கன் போட்டு முடிப்பது குற்றமில்லை. அதே கையோடு புது ஷாக்கின் நட்டையும் கன்னால் இறுக்குவதுதான் குற்றம். தண்டு பைத்தியம் பிடித்தது போலச் சுழன்று சீலைச் சூடாக்கும், உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் நட்டையும் இளக்கலாம். தண்டின் பளபளப்பான பகுதியைக் கொறடாவால் பிடிப்பது அதைவிட மோசம். நகம் தட்டும் அளவு ஒரு கீறல் விழுந்தால் போதும், அசையும்போதெல்லாம் அந்தக் கீறல் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

பழைய ஷாக்கைக் கையில் எடுத்து ஒருமுறை மெதுவாக நீட்டி அமுக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் காலியாக நகர்ந்தால், நோய் எதுவென்று கையே சொல்லிவிடும். வாயு அழுத்தம் உள்ள வகை தானாக நீள வேண்டும்; நீளவில்லையென்றால் வாயு போய்விட்டது.

புது இரட்டைக் குழாய் ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது. படுக்கையில் கிடந்த காலத்தில் காற்று உள் சிலிண்டருக்குள் புகுந்திருக்கும். காரில் நிற்கப்போகும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து, முழு நீளமும் மெதுவாக இழுத்து, முழுதும் அமுக்கி, ஐந்தாறு முறை செய்யுங்கள். முதல் இரண்டு இழுப்பில் தொளதொளவென்று இருப்பது பிறகு சீராகும். ஒற்றைக் குழாய்க்கு இது தேவையில்லை.

பம்ப் ஸ்டாப் எனும் இரண்டாவது ஸ்பிரிங்

பழைய கட்டைப் பிரிக்கும்போது, தண்டில் மஞ்சளோ பழுப்போ ஆன பொடி கொட்டும். அது ஒரு காலத்தில் பம்ப் ஸ்டாப். பலர் அதை ஊதித் துடைத்துவிட்டுப் புது ஷாக்கை ஏற்றிவிடுகிறார்கள். கார் முரடாகும் கதை இங்கேதான் ஆரம்பம்.

பம்ப் ஸ்டாப் என்பது எப்போதாவது முட்டும் கடைசித் தடுப்பு என்ற எண்ணம் பெரிய வண்டிகளுக்குப் பொருந்தலாம். தாழ்வான, சக்கர அசைவு குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் அது வேலை நேரத்தின் கணிசமான பகுதியில் ஸ்பிரிங்குக்குத் துணை நிற்கும் உறுப்பு. நல்ல பம்ப் ஸ்டாப் நுண்ணிய குமிழ்கள் நிறைந்த பாலியூரித்தேன். கூம்பிய முனை முதலில் இலேசாக அமுங்கும், போகப் போக விறைக்கும். எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் ஷாக்கின் உடம்புக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் காலி இடமே குறைவு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் சாதாரணமாகவே அதைத் தொட்டுவிடும். அங்கே ஸ்டாப் இல்லையென்றால் என்ன ஆகும்? இரும்பு இரும்போடு முட்டும். கார் ஒரு பக்கம் திடீரென்று விறைத்து, டயர் பிடியை விடும். அதோடு ஷாக்குக்குள் பிஸ்டன் அடி வால்வில் போய் மோதும். புது ஷாக் சில மாதத்தில் செத்துப்போகும் கேஸ்களில் இதையும் பாருங்கள்.

தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டவர்கள் ஸ்டாப்பை அறுத்துக் குட்டையாக்குவது வழக்கம். அறுக்கத்தான் வேண்டுமென்றால் தடித்த அடிப்பக்கம் அறுங்கள். கூம்பிய முனையை வெட்டினால் அந்த மெதுவான முதல் தொடுதல் போய்விடும். அதைவிட நல்ல வழி, டாப் மவுண்டில் இடம் தேடுவது. இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் மேல் மவுண்டுகள் முதல் தலைமுறையிலும் பொருந்தும், கூடுதல் அமுங்கு தூரமும் தரும். தாழ்ந்து நிற்கும் முதல் தலைமுறைக் காருக்கு, விலையோடு பார்த்தால், இதைவிடப் பலனுள்ள மாற்றம் குறைவு.

தூசி உறை அலங்காரப் பொருள் அல்ல. மணல் தூசி தண்டில் ஒட்டி, தண்டோடு சீலுக்குள் போகும். ஸ்டாப், உறை, வாஷர், ரப்பர், மவுண்ட், ரப்பர், வாஷர், நட்டு என்று வரிசையைப் படத்தைப் பார்த்தே அடுக்குங்கள். கிண்ணம் போல வளைந்த வாஷரின் குழி ரப்பரைத் தழுவும்படி வர வேண்டும். நடுவில் ஒரு குட்டிக் குழல் இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. நட்டு இறுகி நிற்பது அந்தக் குழலின் மேல். குழல் இல்லாவிட்டால் நட்டு ரப்பரை நசுக்கிக்கொண்டே போய் எங்கும் நிற்காது. தண்டின் இழை அசலிலிருந்து மாறுபடும் ஷாக்குகளுக்கு, இறுக்கும் அளவு அந்த ஷாக்கோடு வரும் தாளில் இருக்கும். காரின் கையேட்டில் அல்ல.

ஸ்பிரிங்கின் முனை கீழ் இருக்கையில் உள்ள படியில் உட்கார்ந்த பிறகுதான் அமுக்கியைத் தளர்த்த வேண்டும். படியிலிருந்து விலகி உட்கார்ந்தால் முதல் நாள் "டங்" என்று ஒரு சத்தத்தோடு தானே நகர்ந்து அமரும், காரும் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் தாழும்.

எந்த நிலையில் இறுக்குவது?

மேல் நட்டுகளைக் கையால் ஏற்றி, கீழ் போல்ட்டைக் கிரீஸ் தடவி நுழைத்து, எல்லாவற்றையும் தளர்வாக விடுங்கள். மேல் நட்டுகளை இப்போதே முடிக்கலாம்: முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு 29 முதல் 36 நியூட்டன் மீட்டர். கீழ் போல்ட்டுக்கு 73 முதல் 93. ஆனால் அதைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. ஆர்மின் நீண்ட போல்ட்டை உருவியிருந்தால் அதையும்தான்.

காரணம் புஷ்ஷின் அமைப்பு. ரப்பர் உள் குழலோடும் வெளி வளையத்தோடும் ஒட்டி வார்க்கப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள் குழல் அசையாமல் பிடிபடும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். கார் நிற்கும் உயரத்தில் ரப்பர் முறுக்கில்லாமல் இருந்தால், ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது கொஞ்சம் முறுகும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கார் தரையில் வெறுமனே நிற்கும்போதே ரப்பர் பாதித் தூரம் முறுகியிருக்கும். அந்த முறுக்கு கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்து காரை உயர்த்தும், சின்ன மேடுகளை விறைப்பாக்கும், சில மாதங்களில் ரப்பரைக் கிழித்தும் விடும். "புது ஷாக் முரடு" என்ற புகாரில் இதற்குப் பெரிய பங்கு.

ஆகவே ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி வைத்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை முன்பு எழுதி வைத்த அளவு வரும்வரை உயர்த்துங்கள். பாடி ஸ்டாண்டிலிருந்து தூக்கிக்கொள்கிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். எடை குறைந்த காரில் அது நடக்கும். அளவு வந்ததும் கீழ் போல்ட், ஆர்ம் போல்ட், கடைசியாக லிங்க். சக்கரத்தைத் தரையில் வைத்து அழுத்தம் கொடுத்தபின் சக்கர நட்டுகள், 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள்.

வேறு அமைப்புகள்

மேக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் ஷாக்கே சக்கரத்தின் கோணத்தையும் பிடித்திருக்கிறது. நக்கிளோடு இரண்டு போல்ட்டில் சேரும் வகையில், கழற்றுமுன் போல்ட் தலையையும் ஸ்ட்ரட்டின் விளிம்பையும் கூர்மையான கோட்டால் குறித்துவிடுங்கள்; அப்படிச் செய்தாலும் அலைன்மென்ட் கட்டாயம். பிஎம்டபிள்யூ இ30 போன்றவற்றில் ஸ்ட்ரட்டின் குழாய் நக்கிளோடு பிரியாத ஒன்று. உள்ளே கார்ட்ரிட்ஜ் (குழாய்க்குள் இறங்கும் ஷாக்) மட்டும் மாறும். அங்கே குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய பிறகே கார்ட்ரிட்ஜை இறக்க வேண்டும். உயவுக்காக அல்ல, கார்ட்ரிட்ஜின் சூடு குழாய்க்குக் கடத்தப்படுவதற்காக. நிறைய ஊற்றினால் கழுத்து நட்டின் வழியே பொங்கி வந்து, சீல் கசிகிறது என்று பொய்யாகப் பயமுறுத்தும்.

போர்ஷே 944 பின்பக்கம் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி). காயில் ஸ்பிரிங்கே இல்லை. இரண்டு போல்ட்டோடு வேலை முடிந்துவிடும், ஆர்மை ஜாக்கியால் தாங்கிக்கொண்டால்.

எம்ஜிபி நேர்மாறு. 1962 முதல் 1980 வரை வந்த அந்தக் காரில் ஆர்ம்ஸ்ட்ராங் நெம்புகோல் ஷாக்குகள். முன்பக்கம் ஷாக்கின் கைதான் மேல் ஆர்மே. எனவே கீழ் ஆர்மின் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்காமல் ஷாக்கைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்து வெளியே வரும். அதன் எண்ணெய் குறைந்தால் மேல் திருகைத் திறந்து ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் கையின் அச்சில் ஆட்டம் வந்துவிட்டால், ஊற்றும் எண்ணெய் அந்த வழியாகவே வெளியேறும், முன் சக்கரத்தின் காம்பரும் ஆடும். அதற்கு மருந்து அச்சையும் அதன் துளையையும் சரிசெய்து மறுகட்டுவது மட்டுமே.

ஓட்டிப் பார்க்கும்போது

திருகி மாற்றும் வகையை எங்கிருந்து தொடங்குவது என்று குழம்ப வேண்டியதில்லை. மிக மென்மையான முனையைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணிக்கொண்டு, இடமும் வலமும் ஒரே எண்ணில் வையுங்கள். மேட்டுக்குப் பின் ஆட்டம் மிஞ்சினால் கால் சுற்று கூட்டுங்கள். அதிகம் கூட்டியதன் அடையாளம் வேடிக்கையானது. தொடர்ந்து வரும் சின்ன மேடுகளில் சக்கரம் முழுதாகக் கீழே இறங்கி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, கார் படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் ஸ்டாப்பிலேயே ஓடும். ஓட்டுபவருக்கு அது "ஷாக் போதவில்லை" போலத் தோன்றும், இன்னும் இறுக்கத் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர்.

சத்தங்கள்: சின்னப் பள்ளத்தில் மேலிருந்து "டொக்" என்றால் உச்சி நட்டு அல்லது விட்டுப்போன குழல். ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகும் சத்தம் என்றால் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது கீழிருந்து லொடலொட என்றால் லிங்க். ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சோதித்துவிட்டு, உயரம் நிலைத்ததும் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். முதல் நாளே செய்தால் அந்தக் காசு வீண்.

கடைசியாக ஒரு சின்னத் தந்திரம், கட்டைப் பூட்டும் முன்பே செய்ய வேண்டியது. தண்டின் மேல் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்காமல், ஆனால் தானாக நழுவாமல் மாட்டி, ஷாக்கின் உடம்போடு ஒட்டி வையுங்கள். உறை அதை மறைக்காத கார் என்றால், வழக்கமான பாதையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். டை எங்கே தள்ளப்பட்டு நிற்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. டைக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் விரல் நுழையும் இடம் இருந்தால், திருகைத் திருப்பி வித்தியாசம் காணலாம். டை ஸ்டாப்புக்குள் புதைந்து நசுங்கியிருந்தால் திருகைத் தொட்டுப் பயனில்லை. அங்கே கார் ஓடிக்கொண்டிருப்பது ரப்பரில்.